தம்கட்டி பாய் வெட்டிய மலை

மூச்சை அடக்குகிறவர்கள் எங்கள் திருவண்ணாமலையில் தெருவுக்குப் பத்துப் பேர் இருப்பார்கள். அத்தனை பேரும் தம்கட்டி பாய் முன்னால் கைகட்டி நிற்க வேண்டியவர்கள். அவர்கள் தங்கள் மூச்சை மட்டும் அடக்குவார்கள். பாய், பட்டறையில் இருக்கிற எல்லார் மூச்சையும் அடக்குவார்.

செங்கம் ரோட்டில் அவர் பட்டறை. மரத்துக்குள் மரம் பதிப்பது தொழில். வெளிர் மரத்தின் மேல் கருமரத்தை வைத்து, நூல் மாதிரி பிளேடு ஓடும் ஸ்க்ரோல் சா மிஷினில் இரண்டையும் ஒன்றாக வெட்டுவார். மேல் மரத்தின் துண்டு கீழ் மரத்தின் ஓட்டையில் கச்சிதமாக உட்காரும். நகம் நுழையாது. வளைவு வந்தால் "தம்!" என்று ஒரு அதட்டல். யாராவது மூச்சு விட்டால் பிளேடு நெளியுமாம். ஒரு கொரியர்காரர் பார்சலும் கையுமாக முகம் சிவந்து நின்றதை நானே பார்த்திருக்கிறேன். யோகா பழக வந்த வெள்ளைக்கார அம்மாள் ஒருத்திதான், மயில் கழுத்து முடிகிற வரைக்கும் அசையாமல் நின்றாள்.

"நாளைக்கும் வாங்கம்மா, யானை இருக்கு" என்று பாய் கெஞ்சினார்.

அஞ்சாம் கிளாஸோடு லாரி கிளீனராக ஏறியவன் நான். இன்று நாலு லாரிக்கு முதலாளி. வேங்கிக்காலில் மாடி வீடு கட்டி, வாசல் கதவுப் பலகையில் நம்ம மலையைப் பதிக்கச் சொன்னேன். விடிந்தால் கிரகப்பிரவேசம் என்கிற நாள் வரைக்கும் இழுத்தடித்தார். மத்தியானம் போய் நின்றேன். உச்சியைத் தாண்டி பிளேடு இறங்கிக்கொண்டிருந்தது.

"தம்!"

அந்த நேரம் பார்த்து சம்பந்தி போன் பண்ணினார். நான் சும்மா இருப்பேனா?

"ஆமா சம்பந்தி, வேங்கிக்கால்லயே நம்ம வீடுதான் ஒசரம்!"

பிளேடு துள்ளியது. பாய் துண்டைப் பதித்துப் பார்த்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"பொருத்தம் சரியாத்தான் இருக்கு. மலைதாண்ணே தப்பா இருக்கு. இந்தச் சரிவுல ஏது பள்ளம்?"

"யாருக்குத் தெரியப் போவுது, விடுங்க பாய்."

"பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஊரே சுத்தி வருது, தெரியாதா? உங்க கதவுக்கு எதிர்லயே அசலு நிக்குது. பாத்தா சிரிக்காதா?"

வேறு மரம் எடுத்தார். இன்றைக்குள் பலகை முடியாவிட்டால் போச்சு. காலையில் ஊரே வரும், கதவில் ஓட்டை இருக்கும். பேசியே நாலு லாரி சம்பாதித்தவன், போனை அணைத்துவிட்டு மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். அவர் தம் கட்டும்போதெல்லாம் நானும் கட்டினேன். கண்ணில் பூச்சி பறந்தது. வெயில் இறங்கும் நேரத்தில் மலை முழுசாக உட்கார்ந்தது.

மறுநாள் சொந்தக்காரர்கள் கதவைத் தடவித் தடவி, "ஸ்டிக்கரா மாமா?" என்றார்கள். வெள்ளைச் சட்டையில் வந்த பாய், கண்ணை மூடிக்கொண்டு மலையின் ஓரம் நெடுக நகத்தை ஓட்டினார். எங்கேயும் நிற்கவில்லை.

"இப்ப பேசுங்கண்ணே. எவ்ளோ ஜாஸ்தியா வேணும்னாலும் பேசுங்க."

மாடி, கிரானைட், லாரி என்று சொல்ல எவ்வளவோ வைத்திருந்தேன். அதையெல்லாம் ஓரம் கட்டினேன். அவரை முதல் பந்தியில் உட்கார வைத்து, பாயசத்தை நானே ஊற்றினேன்.