தாப்பாயா அக்காவின் ஹை ஸ்பெக்

ஈப்போவில் கார் விற்றுப் பிழைத்தவர்கள் மழைக்கும் பயந்ததில்லை, வட்டி ஏற்றத்துக்கும் பயந்ததில்லை. எங்கள் வழக்கறிஞர் அலுவலகத்தின் தலைமை கிளார்க்குக்கு மட்டும்தான் பயந்தார்கள். அவர் ஷோரூம் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தால், அந்த மாதக் கமிஷன் செத்தது என்று அர்த்தம்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. மலாயில் ‘வேண்டியதில்லை’ என்பதற்கு ‘தாப்பாயா’ என்பார்கள். அவர் வாயில் அதிகம் புழங்கிய சொல் அதுதான் என்பதால் எங்களுக்கு அவர் தாப்பாயா அக்கா. தேநீருக்குச் சர்க்கரையா? தாப்பாயா. பிறந்தநாளுக்குக் கேக்கா? தாப்பாயா. இளவயதில் பெண் பார்க்க வந்தவர்களிடமும் இதையே சொல்லி அனுப்பிவிட்டார் என்று ஒரு பேச்சு உண்டு. இருக்கலாம். கல்யாண வீட்டுக்கு வந்தாலும் சாவு வீட்டுக்கு வந்த மாதிரிதான் அவர் முகம் இருக்கும்.

கோப்பெங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். தோட்டம் போய் அங்கே வீடமைப்புத் திட்டம் வந்துவிட்டது. கையால் சுற்றி ஏற்றி இறக்கும் கண்ணாடி வைத்த ஒரு குட்டிக் காரில்தான் அவர் வேலைக்கு வருவார். ஏசி கெட்டுப்போய் எத்தனையோ காலம்.

ஆனால் அலுவலகத்தில் யார் எதை வாங்கப்போனாலும் அவரை அழைத்துக்கொண்டுதான் போவோம். என் கல்யாணத்துக்கு மண்டபம் பேசப்போனபோது, மேலாளர் ஒரு பெரிய புகை இயந்திரத்தைக் காட்டி, “ஜோடி உள்ள வரும்போது சுத்தியும் புகை வரும், செம்மயா இருக்கும்” என்றார்.

“ஏன், நெருப்புலேருந்தா தப்பிச்சு வாராங்க? தாப்பாயா” என்றார் அக்கா. என் மாமனார் அவரை அங்கேயே கும்பிட்டார்.

எங்கள் முதலாளிக்கு ஒரு ஜெர்மன் எஸ்யூவி மீது ஆசை வந்தது. வசதி குறைந்த லோ ஸ்பெக்கா, எல்லா வசதியும் உள்ள ஹை ஸ்பெக்கா என்று தூக்கமில்லாமல் கிடந்தவர், கடைசியில் அக்காவையும் என்னையும் ஷோரூமுக்குக் கூட்டிப்போனார். விற்பனையாளர் தினேஷ் ஈப்போவின் புந்தோங் பகுதி ஆள். டையை இழுத்து விட்டுக்கொண்டு தைரியமாகத்தான் ஆரம்பித்தான்.

“ஹை ஸ்பெக்ல சீட்டே முதுகு பிடிச்சு விடும் அக்கா.”

“முதுகு வலிக்கிற அளவுக்கு லாயர் என்னா வேல செய்றாரு? தாப்பாயா.”

“உள்ள அறுபத்து நாலு கலர்ல லைட் எரியும்.”

“சாமி ஊர்வலமா போவுது?”

“ஏசில பூ வாசன வரும்.”

“குளிச்சிட்டு ஏறச் சொல்லு.”

“மேல முழுக்கக் கண்ணாடி. ஒக்காந்துகிட்டே வானத்தப் பாக்கலாம்.”

“ஓட்றவரு மொதல்ல ரோட்டப் பாக்கட்டும்லா.”

முதலாளி ஒரு குழந்தையைப் போல அந்த வண்டியைத் தடவிக்கொண்டே நின்றார். தினேஷிடம் மீதி இருந்தது ஒன்றுதான். “கண்ணாடி ரெண்டு அடுக்கு அக்கா. லோ ஸ்பெக்ல முன் கதவுக்கு மட்டும். ஹை ஸ்பெக்ல பின்னாலயும் இருக்கு. வெளிச் சத்தமே வராது.”

அக்கா வாயைத் திறந்தார். தாப்பாயா வரவில்லை. “சுத்தமா வராதா?” என்று கேட்டார். “கிட்டத்தட்ட” என்றான் தினேஷ். அக்கா கண்ணாடியை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்தார். முதலாளி லோ ஸ்பெக்கை வாங்கிக்கொண்டு முகத்தைத் தொங்கப்போட்டபடி வீடு திரும்பினார்.

அடுத்த வருடம் அக்கா ஓய்வு பெற்றார். விருந்து வேண்டாம், மாலை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கொஞ்ச நாளில் எனக்கு போன் வந்தது.

“தம்பி, சனிக்கெழம சும்மாதான இருக்க? கார் பாக்கப் போலாம் வா.”

அதே ஷோரூம். எங்களைப் பார்த்ததும் தினேஷின் முகத்தில் ரத்தமே இல்லை. “இன்னிக்கி யாருக்குக்கா?”

“எனக்குத்தான்லா. அந்த ஹை ஸ்பெக்.”

அவன் என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன்.

அக்கா நேராகப் போய் வண்டியின் பின் இருக்கையில் ஏறினார். கதவைச் சாத்துவதற்கு முன், “நீங்க ரெண்டு பேரும் வெளிய நின்னு கத்துங்க” என்றார்.

“என்னான்னு கத்துறது?”

“என்னத் திட்டுங்க. மனசுல இருக்கறதச் சொல்லித் திட்டுங்க.”

எனக்கு வாய் வரவில்லை. தினேஷுக்கு வந்தது. முதலில் மரியாதையாக “அக்கா... அக்கா...” என்று கூவினான். அப்புறம் அவனுக்குள் அடைத்துக் கிடந்தது திறந்துகொண்டது. “என் கமிஷனையெல்லாம் தின்னியே, நீ நல்லா இருப்பியா! எத்தன பேர இப்படித் தொரத்தியிருக்க! நீ வந்தாலே எனக்கு வயித்தால போவுது!” என்று கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினான். காப்பி குடித்துக்கொண்டிருந்த ஒரு சீனக் குடும்பம் எழுந்து வெளியே போனது.

உள்ளே அக்கா மடியில் கை வைத்துக் கண்ணை மூடியிருந்தார். பிறகு கதவைத் திறந்து, “பத்தாது. மோட்டர் சைக்கிள் இருக்கா?” என்றார். பின்புற ஒர்க்‌ஷாப்பிலிருந்து ஒரு மெக்கானிக்கின் மோட்டார் சைக்கிள் வந்தது. அவன் அதன் புகை பைப்பை மாற்றி வைத்திருந்தான். முறுக்கினால் ஷோரூம் கண்ணாடியெல்லாம் அதிரும். அவன் முறுக்கினான். நாங்கள் காதைப் பொத்திக்கொண்டோம். அக்கா அசையவில்லை. லோ ஸ்பெக்கின் பின் இருக்கையிலும் உட்கார்ந்து அதே மோட்டார் சைக்கிளை மறுபடி முறுக்கச் சொன்னார்.

“அதுல கேக்குது. இதுல கேக்கல” என்றார் இறங்கி வந்து.

தினேஷ் நல்லவன். “நீங்கதான ஓட்டப் போறீங்க? முன்னால ஒக்கார்றவங்களுக்கு லோ ஸ்பெக்கே போதும்கா” என்றான்.

“பின்னாலதான் ஆளு ஒக்காரும்.”

“யாருக்கா?”

“என் தம்பி.”

அத்தனை வருடம் பக்கத்து மேசையில் இருந்த எனக்கு, அவருக்குத் தம்பி உண்டு என்பது தெரியாது. ஷோரூம் வாசலில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்துதான் சொன்னார். தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனையில் இருக்கிறானாம், வாலிப வயதிலிருந்து. எங்கள் ஊரில் கிண்டலுக்கு, “என்னா, தஞ்சோங் ரம்புத்தான் போகணுமா?” என்று கேட்பது வழக்கம். அலுவலகத்தில் யாராவது அப்படிச் சொன்னால் அக்கா எழுந்து கோப்பு அறைக்குப் போய்விடுவார். கோப்பு எடுக்கப் போகிறார் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

“அவனுக்கு உள்ளாற குரல் கேக்கும். வெளிய சத்தம் கூடுனா உள்ளயும் கூடிரும்” என்றார். “கொஞ்ச நேரம் வெளிய கூட்டிப் போக வார்டுல விடுவாங்க. என் காருலதான் கூட்டிட்டு வந்தேன். புந்தோங் சிக்னல்ல ஒருத்தன் மோட்டர முறுக்குனான். இவன் கதவத் தொறந்து ரோட்டுல ஓடிட்டான். லாரி ஒண்ணு பிரேக் போட்டு நின்னுச்சு. அதோட வெளிய வரவே மாட்றான். ‘அக்கா, சத்தம் இல்லாத வழி இருந்தா சொல்லு, வாரேன்’ங்கறான். அப்படி வழி எங்கலா இருக்கு? வண்டிதான் இருக்கு.”

எழுந்து உள்ளே போய் தினேஷிடம் கேட்டார். “அந்த லைட்டு, வாசன, முதுகு பிடிக்கிறது எல்லாத்தையும் கழட்டி வச்சிக்க. கண்ணாடிய மட்டும் குடுக்கறியா?”

“முடியாதுக்கா. எல்லாம் சேந்துதான் வரும்.”

நான் அவரைத் தனியே இழுத்துச் சொன்னேன். “அக்கா, ஓய்வுப் பணம் மொத்தமும் போயிரும். இவ்ளோ செஞ்ச பிறகு அவரு ஏற மாட்டேன்னுட்டா?”

அந்தக் கேள்வி அவரிடம் ஏற்கெனவே இருந்தது என்பது முகத்தில் தெரிந்தது. “ஏற மாட்டேன்னா, கேட்டுப் பாத்தேன்னு இருக்கும்லா” என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடப் போனார்.

செய்தி கேட்ட முதலாளி அலுவலகத்தில் பொருமினார். “எனக்கு லோ ஸ்பெக், இவங்களுக்கு ஹை ஸ்பெக்கா!” காரணத்தை நான் சொன்ன பிறகு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

வண்டி வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை அக்கா மருத்துவமனைக்கு என்னையும் துணைக்கு அழைத்தார். தம்பி பருத்த உடம்பு, நரைத்த தலை. சட்டைப் பித்தானைக் கழுத்துவரை போட்டு, இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு வந்தார். வண்டியைப் பார்த்ததும் நின்றுவிட்டார். அக்கா பின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வெயிலில் நின்றார். வா என்று கூப்பிடவில்லை, கையைப் பிடித்து இழுக்கவில்லை. நின்றார், அவ்வளவுதான். நெடுநேரம் கழித்துத் தம்பி தானாகவே ஏறினார். கதவு மூடியது.

ஒரு கை காதிலிருந்து இறங்கியது. பிறகு மற்றது. உள்ளே ஊதா விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதை அணைக்க எங்கள் இருவருக்கும் தெரியவில்லை.

“இது கோயிலாக்கா?” என்றார் தம்பி, விளக்கைப் பார்த்து.

“காருலா.”

புந்தோங்கில் கோயிலுக்குப் போய்விட்டு வாழையிலைச் சாப்பாடு சாப்பிடுவது என்று திட்டம். புந்தோங் சிக்னலில் சிவப்பு விழுந்தது. பக்கத்தில் நாலைந்து மோட்டார் சைக்கிள்கள் வந்து நின்று முறுக்கின. நான் திரும்பிப் பார்த்தேன்.

வாய் லேசாகத் திறந்திருக்க, கன்னத்தைக் கண்ணாடியில் வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்.

“மாத்திர போடாம தூங்குறான்லா” என்றார் அக்கா, எனக்கே கேட்காத குரலில். கோயில் வந்தது, தாண்டிப் போனார். சாப்பாட்டுக் கடையும் தாண்டியது. கோப்பெங் வரை போய்த் திரும்பி, மறுபடி கோப்பெங் போனார். தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் நகல் எடுத்ததற்காக எங்களை மணிக்கணக்கில் திட்டிய மனுஷி, பெட்ரோல் தீரப்போகிறது என்று வண்டியில் விளக்கு எரியும்வரை சும்மா சுற்றினார். எனக்குப் பசியில் உயிர் போனது.

சில மாதங்கள் ஞாயிறுதோறும் அப்படிச் சுற்றினார்கள். மழைக்காலத்தில் ஒரு காலை, தம்பிக்கு மாரடைப்பு. வார்டிலேயே போய்விட்டார்.

சாவுக்கு வந்த முதலாளிக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. அக்காவை ‘சீஃப்’ என்றுதான் கூப்பிடுவார். “சீஃப்... ஹை ஸ்பெக்... போட்ட காசுக்குப் புண்ணியம் உண்டா?” என்று கேட்டுவிட்டு, கேட்ட வாயை அவரே பொத்திக்கொண்டார்.

அக்கா கோபப்படவில்லை. “தூங்குனான், லாயர்” என்றார்.

வண்டியை விற்றுவிடுங்கள் என்று எல்லாரும் சொன்னோம். தினேஷ்கூட நல்ல விலைக்கு ஆள் பிடித்துத் தருவதாகச் சொன்னான். அவர் கேட்கவில்லை. இப்போதும் சில ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு போன் வரும். என் மனைவி எதுவும் கேட்காமல் சட்டையை எடுத்துக் கொடுப்பாள். முன் இருக்கையில் அக்காவின் கைப்பை இருக்கும்; நான் பின்னால் ஏறிக்கொள்வேன். கோப்பெங் சாலையில் திரும்பியதும் அக்கா கண்ணாடியில் என்னைப் பார்த்து, “தூக்கம் வந்தா தூங்குலா” என்பார்.

எனக்குப் பகலில் தூக்கம் வந்ததே கிடையாது. ஆனாலும் கன்னத்தைக் கண்ணாடியில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வேன்.