துண்டு விழுந்த ஆர்டர்

படுக்கை விரிப்புகளை ஏற்றிய வேன் கிளம்பும் நேரத்தில் விடுதி முதலாளி போன் செய்தார். வழக்கம்போல ஆங்கிலம்தான். "திஸ் டைம், த்ரோ இன் த டவல்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

தையல் கூடத்து மேற்பார்வையாளருக்கு ஒன்றும் விளங்கவில்லை. துண்டை எதற்குத் தூக்கி எறிய வேண்டும்? வேலையாட்களிடம் கேட்டால் மானம் போய்விடும். ஆங்கில ஆசிரியையான மனைவியைப் போனில் பிடித்தார்.

"அது குத்துச்சண்டைப் பேச்சுங்க. அடி தாங்க முடியலைன்னா வீரனோட ஆளு துண்டை மேடைக்குள்ள வீசுவான். தோல்வியை ஒத்துக்கிட்டு ஒதுங்கிக்கோன்னு சொல்றார்."

கூடத்தில் இருக்கும் எல்லோருக்கும் சோறு போடுவதே அந்த விடுதி ஆர்டர்தான். மேற்பார்வையாளர் மேனேஜரிடம் ஓடினார். மேனேஜர் தலையைப் பிடித்துக்கொண்டார்.

"வேற கம்பெனிக்காரன் உள்ள புகுந்துட்டான்யா. இந்த ஆர்டர் போச்சுன்னா நாம தலையில துண்டைப் போட்டுக்க வேண்டியதுதான்."

"இதுலயும் துண்டா சார்?"

மேனேஜர் முறைத்தார். பிறகு விடுதி முதலாளியைக் கூப்பிட்டு, இந்த முறை தலையணை உறைகள் இலவசம் என்றார். அவர் மகிழ்ந்துபோய், "வெரி நைஸ். பட் த டவல்?" என்றார்.

மனிதர் மசியவில்லை என்று புரிந்துகொண்ட மேனேஜர், போர்வைகளையும் சேர்த்தார். அதற்கும் நன்றி வந்தது. கூடவே டவலும் வந்தது.

இனி நேரில் போய்க் காலில் விழுவதுதான் பாக்கி என்று இருவரும் வேனிலேயே ஏறிக்கொண்டார்கள். விடுதி வரவேற்பறையில் மேனேஜர் முதலாளியின் கையைப் பிடித்துக்கொண்டு, எல்லா அறைக்கும் ஜன்னல் திரை தைத்துத் தருவதாக வாக்குக் கொடுத்தார். முதலாளி இருவரையும் மாறி மாறிக் கட்டிப்பிடித்தார். டீ வரவழைத்தார். கடைசியில், கொஞ்சம் தயங்கி, "டவல்?" என்றார்.

மேற்பார்வையாளருக்குக் கண் கலங்கிவிட்டது. கைகூப்பியபடி, "நாங்க தோத்தவங்க இல்லீங்க, இன்னும் ஒரு ரவுண்டு கொடுங்க" என்று கெஞ்சினார். முதலாளி பேந்தப் பேந்த விழித்தார்.

அப்போது மூட்டைகளைப் பிரித்துக்கொண்டிருந்த சலவைக்கார அம்மா நிமிர்ந்தார்.

"விரிப்பு வந்துடுச்சு, உறை வந்துடுச்சு, கேட்காத போர்வைகூட வந்துடுச்சு. குளிக்கிறவங்க ஈரத்தோட நிக்கிறாங்க, துண்டையும் சேர்த்துப் போடுங்கன்னு காலையிலேருந்து எங்க ஐயா கேட்கிறாரே, அதை மட்டும் ஏன் வைக்கலீங்க?"