ஒரு நூல் சாய்ந்திருக்கு

அளவு நாடா என்று ஒன்று கடைக்கு வந்து எத்தனையோ காலமாகிவிட்டது. அதை இன்னமும் நம்பாத ஓர் இனம் நம்மிடையே உலவுகிறது. இந்த இனத்துக்கு நான் வைத்திருக்கும் பெயர் ஒற்றைக்கண் மேஸ்திரி. இவர்களுக்குப் பார்வையில் எந்தக் குறையும் கிடையாது. இரண்டு கண்ணும் தெளிவாகத் தெரியும். ஆனால் எதையாவது நேரா, கோணலா என்று சொல்ல வேண்டிய வேளை வந்துவிட்டால் இரண்டு கண் அதிகம் என்று நினைத்து ஒன்றை மூடிவிடுவார்கள்.

நீங்கள் பார்த்திருப்பீர்கள். சுவர் கட்டினால் வருவார்கள், பந்தல் கால் நட்டால் வருவார்கள், கோயில் கொடிக்கம்பம் நிற்கும்போதும் வருவார்கள், மாதா கோயில் கொடி ஏறும்போதும் வருவார்கள், கல்யாண வீட்டில் வாழைமரம் கட்டுகிறவனுக்குப் பின்னால் ஆறடி தள்ளி நின்று, தலையை ஒரு பக்கம் சாய்த்து, இடது கண்ணை மூடி, வலது கட்டைவிரலை நீட்டி, மூச்சையும் கொஞ்சம் நிறுத்திப் பார்த்துவிட்டு அந்தத் தீர்ப்பைச் சொல்வார்கள்.

"ஒரு நூல் சாய்ஞ்சிருக்கு."

ஒரு நூல் என்பது ஓர் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. ஏன் எப்போதும் ஒரு நூல்? யோசித்துப் பாருங்கள். நாலு நூல் என்றால் எல்லோருக்கும் தெரிந்துவிடும். பிறகு இவர் எதற்கு? கால் நூல் என்றால் அது இல்லை என்று யாராவது சண்டைக்கு வருவார்கள். ஒரு நூல் என்றால், வேலை செய்தவனுக்கே சந்தேகம் வந்துவிடும். தலையைச் சாய்த்துக்கொண்டு பார்த்தால் எதுதான் சாயாமல் இருக்கும் என்று இவர்களை யாரும் கேட்பதில்லை.

எங்கள் காந்தலூர்ப் பக்கத்தில் இந்த இனத்தின் மூத்த பிரதிநிதி ராஜசேகர் அண்ணாச்சி. தேயிலைத் தொழிற்சாலையில் முப்பது வருஷம் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். தூளைக் கையில் அள்ளிப் பார்த்தே தரம் சொன்ன மனிதர், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் தூளைப் பார்த்த கண்ணால் இரும்பையும் பார்க்கலாம் என்று அவருக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். ஓய்வு பெற்ற மறுவாரத்திலிருந்து அவர் தினமும் காலை ஒன்பதரைக்கு என் தங்கை சிவசங்கரியின் பட்டறை வாசலில் ஆஜர்.

என் தங்கை என்பதற்காகச் சொல்லவில்லை. கார், ஜீப் பாடி வேலையில் இந்த மலையில் அவளுக்கு நிகர் யாரும் கிடையாது. உடுமலையில் ஒரு பட்டறைக்கு உப்புத்தாள் தேய்க்கப் போனவள், ஆறு வருஷத்தில் தகரம் தட்டுவது முதல் பற்றவைப்பது வரை கற்றுக்கொண்டு திரும்பி, காந்தலூர் ரோட்டில் பூண்டு குடோனுக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை போட்டாள். நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். ஆனால் எதிலும் சுத்தம் வேண்டும் எனக்கு. பட்டறையின் அளவு நோட்டு என் பொறுப்பு. சிவப்பு மையில் அளவு, நீல மையில் தேதி. ஒரு அடித்தல் திருத்தல் காட்ட முடியாது.

இந்தப் பட்டறைக்குத்தான் ஜிஜோவின் பழைய பியட் கார் வந்தது. ஜிஜோ இங்கே விருந்தினர் தங்கும் வீடு நடத்துகிறவர். அவருடைய மாமனார் ஓட்டிய கார். வருஷங்களுக்கு முன்னால் மழையில் சறுக்கி, இடது முன்பக்கம் ஓடைக் கல்லில் மோதி, அதற்குப் பிறகு ஒரு கொட்டகையில் கோழிகளின் குடியிருப்பாக இருந்தது. மறையூரிலும் உடுமலையிலும் காட்டியாகிவிட்டது. எல்லோரும் வெட்டிப் போடு என்றுதான் சொன்னார்கள். சிவசங்கரி மட்டும் நிமிர்த்தலாம் என்றாள். அவள் தனியாக எடுத்த முதல் பெரிய வேலை அது. நிமிர்ந்தால் ஊருக்கெல்லாம் பேச்சு. இழுக்கும்போது துருப்பிடித்த இரும்பு கிழிந்தால் வண்டி பழைய இரும்புக்குப் போகும், அதன் பின்னால் பட்டறையின் பெயரும் போகும்.

இதில் என்ன சிரமம் என்று நீங்கள் கேட்கலாம். ஜீப்புக்குக் கீழே தனியாக ஒரு சட்டம் இருக்கும்; பாடி அதன்மேல் உட்கார்ந்திருக்கும். இந்தக் காருக்குப் பாடிதான் சட்டம். தீப்பெட்டியின் ஒரு மூலையை அழுத்திப் பாருங்கள், எதிர் மூலையும் கோணும். அதுபோல முன்னால் இடது பக்கம் வாங்கிய அடி, பின்னால் வலது பக்கம் வரை முறுக்கிவிட்டிருந்தது. மூலைக்கு மூலை குறுக்காக நாடா பிடித்தால் ஒரு பக்கத்துக்கும் மறு பக்கத்துக்கும் ஆறு நூல் வித்தியாசம். அப்படியே ஓட்டினால் முன் சக்கரம் ஒரு தடத்திலும் பின் சக்கரம் இன்னொரு தடத்திலும் போய், வண்டி நண்டு மாதிரி நடக்கும்.

சிவசங்கரி காரை நாலு தாங்கிகளில் ஏற்றி, ரசமட்டம் வைத்துச் சமன் பார்த்து, அடிப்பாகத்தில் இருக்கும் துளைகளிலிருந்து தூக்குக்குண்டு தொங்கவிட்டு, குண்டின் நுனி எங்கே நிற்க வேண்டுமோ அங்கே சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் கூட்டல் குறி போட்டாள். கெட்ட மூலையின் குண்டு தன் குறியைத் தொடும்வரை இழுக்க வேண்டும். கணக்கு அவ்வளவுதான்.

அந்தக் கணக்கு ராஜசேகர் அண்ணாச்சிக்குப் பிடிக்கவில்லை. முதல் நாளே காரைச் சுற்றி வந்து, குனிந்து, கண்ணை மூடி, கோளாறு இடது பக்கம் இல்லை, வலது பக்கம்தான் ஒரு நூல் இறக்கம் என்றார். தங்கை நாடாவைக் காட்டினாள். நாடா பழசாகி இழுபட்டிருக்கும் என்றார். புது நாடா எடுத்துக் காட்டினாள். புது நாடா இன்னும் பழகியிருக்காது என்றார். கதவு நன்றாகத்தானே மூடுகிறது, முறுக்கு இருந்தால் மூடுமா என்று கடைசி அஸ்திரத்தை விட்டார். தங்கை கதவுக் கீலைக் கழற்றி, எவனோ முன்பு கோணலை மறைக்க உள்ளே அடுக்கி வைத்திருந்த நாலு வாஷர்களை அவர் உள்ளங்கையில் போட்டாள்.

"பாத்தியா தாயி, அந்தக் காலத்திலயே எவனோ ஒருத்தனுக்குக் கண்ணு நல்லா இருந்திருக்கு" என்றார் அண்ணாச்சி.

இப்படிப்பட்டவரை என்ன செய்வது? நான் அவருக்கு ஸ்டூல் போட்டு, கண்ணில் படும் தூரத்தில், கை படாத தூரத்தில் உட்கார வைத்தேன். எனக்கு உள்ளுக்குள் ஒரே சிரிப்பு. நோட்டு இருக்கிறவனுக்குக் கண்ணை நம்புகிறவனைப் பார்த்தால் சிரிப்பு வராதா?

இழுப்பு தொடங்கியது. காரின் அடிவிளிம்பை நாலு கவ்விகளால் தரையோடு பிடித்து, முன்பக்க மூலையில் சங்கிலி மாட்டி, ஆயில் ஜாக்கியால் மெதுவாக இழுப்பாள். கொஞ்சம் இழுத்துவிட்டு, பற்றவைத்த இடங்களைச் சுற்றிச் சுத்தியலால் தட்டி இரும்பின் பிடிவாதத்தைத் தளர்த்துவாள். விடுவாள், அளப்பாள், மறுபடி இழுப்பாள். நாலு நாளில் ஆறு நூல் மூன்று நூலாகியிருந்தது. எல்லாம் நோட்டில் சிவப்பு மையில் இருக்கிறது.

ஐந்தாம் நாள் பிற்பகல் நான் கிரைண்டர் பிளேடு வாங்க மறையூர் போயிருந்தேன். அந்த நேரத்தில்தான் தங்கை கடைசி இழுப்பை இழுத்திருக்கிறாள். வீட்டில் சாப்பிடும்போது அதைப் பற்றி ஏதோ சொன்னாள். நான் அப்போது வாங்கிவந்த பிளேடுகளில் எது எவ்வளவு தடிப்பு என்று அவளுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். ஒருவர் அளவு சொல்லும்போது குறுக்கே பேசக் கூடாது, பாருங்கள். அவள் எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு நான் பட்டறையைத் திறந்தேன். தங்கை ஒன்பதுக்குத்தான் வருவாள். சங்கிலி விறைப்பாக நின்றது. குனிந்து பார்த்தேன். தூக்குக்குண்டு கூட்டல் குறியில் இல்லை. அதைத் தாண்டி மூன்று நூல் முன்னால் நின்றது. நோட்டைப் புரட்டினேன். இப்படி ஓர் அளவு அதில் இல்லை. என் நோட்டில் இல்லாத அளவு எப்படிச் சரியாக இருக்க முடியும்? பாவம், அசதியில் கூடுதலாக இழுத்துவிட்டுப் போய்விட்டாள் என்று நினைத்தேன். ராத்திரி முழுக்க இரும்பு இப்படி இழுபட்டுக் கிடந்ததே என்று மனசு பதறியது.

அன்றைக்கென்று ராஜசேகர் அண்ணாச்சி எட்டேகாலுக்கே வந்துவிட்டார். நான் தரையில் படுத்துக் கிடப்பதைப் பார்த்து, அவரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என் பக்கத்தில் படுத்தார்.

"ஏல, கூடிப்போச்சே" என்றார்.

"கூடித்தான் போச்சு அண்ணாச்சி."

"பிள்ளை வந்து பாத்தா மனசு ஒடிஞ்சு போவும். நீ அண்ணன்காரன்தான? அது வாறதுக்குள்ள சரி பண்ணி வச்சிரு."

அவருடைய வாழ்நாளில் முதல் தடவையாக அவரும் நானும் ஒரே அளவைப் பார்த்தோம். ஜாக்கியின் திருகை நான் கால் சுற்றுத் தளர்த்தினேன். அவர் படுத்தபடியே கண்ணை மூடி, இன்னும், இன்னும், போதும் என்றார். குண்டு பின்னால் வந்து கூட்டல் குறியின் நடுவில் அழகாக நின்றது. நானும் ஒரு தடவை சரிபார்த்தேன். நீல மையில் தேதி போட்டு, சிவப்பு மையில் 'சரி' என்று எழுதினேன். இருவரும் டீ குடித்தோம். அவ்வளவு நிம்மதியான டீயை நான் அதற்கு முன்னால் குடித்ததில்லை.

ஒன்பது மணிக்குத் தங்கை வந்தாள். சங்கிலியைத் தொட்டுப் பார்த்தாள். குண்டைப் பார்த்தாள். எங்கள் இருவரின் சட்டையிலும் ஒட்டியிருந்த தரைத் தூசியைப் பார்த்தாள்.

"யாரு ஜாக்கியத் தளத்துனது?"

நான் பெருமையோடு நோட்டை நீட்டினேன். அவள் வாங்கவில்லை. குனிந்து சங்கிலியை முழுவதுமாகக் கழற்றினாள். கழன்றதும் பாடி ஒரு பெருமூச்சு விட்டதுபோல் முனகியது. குண்டு குறியை விட்டு நகர்ந்து மூன்று நூல் பின்னால் போய் நின்றது.

"இரும்பு திரும்பும்ணே" என்றாள். "விட்டதும் மூணு நூல் பின்னால போவும்னுதான் மூணு நூல் தாண்டி இழுத்து, அசையாமப் போட்டு வச்சேன். இன்னைக்குச் சாயங்காலம் விட்டிருந்தா தானா குறியில வந்து நின்னிருக்கும். அதுக்கு முன்னால விட்டா இரும்பு பழகாது, இன்னும் பின்னால போயிரும். ராத்திரி சோறு திங்கும்போது சொன்னேன். கேட்டாத்தான?"

கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். காரின் அடிவிளிம்பில், கதவுத் தூண் நிற்கும் இடத்தில், அவள் விரலால் தடவினாள். அங்கே முடி அளவுக்கு ஒரு விரிசல் தெரிந்தது. இப்படித் தாண்டி இழுப்பதை ஒரு தடவைதான் தாங்கும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்த இரும்பு அது. இப்போது இரண்டாவது தடவையும் தாங்க வேண்டும்.

அண்ணாச்சி ஒரு கண்ணை மூடப் போனார். தங்கை திரும்பிப் பார்த்தாள். இரண்டையும் திறந்தே வைத்துக்கொண்டார்.

விரிசலின் இரண்டு முனையிலும் அது மேலே ஓடாதபடி சிறு துளை போட்டு, பற்றவைத்து, மேலே ஒரு இரும்புப் பட்டையும் வைத்துக் கட்டி, அன்று முழுவதும் நூல் நூலாக இழுத்தாள். ஒவ்வொரு பம்புக்கும் இரும்பு கிறீச்சிட்டது. ஒவ்வொரு கிறீச்சுக்கும் என் பல் கூசியது. விஷயம் கேள்விப்பட்டு ஜிஜோவும் வந்து, வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். சாயங்காலம் குண்டு குறியைத் தாண்டி மூன்று நூலில் நின்றது. பட்டை பிடித்துக்கொண்டது. தங்கை கையைத் துடைத்துக்கொண்டு எங்கள் இருவரையும் கூப்பிட்டாள்.

"நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் இத யாரும் தொடக் கூடாது. நீங்க ரெண்டு பேருந்தான் காவல். அண்ணாச்சிய அண்ணன் பாத்துக்கிடட்டும். அண்ணன அண்ணாச்சி பாத்துக்கிடுங்க."

மறுநாள் பகல் முழுக்க நாங்கள் இரண்டு ஸ்டூலில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். பூண்டு குடோன்காரர் வந்தார், குனிந்து கண்ணை மூடி, கூடிப்போச்சே என்றார். பால் வண்டிக்காரர் வந்தார், கூடிப்போச்சே என்றார். கோயில்கடவிலிருந்து பஸ்ஸுக்குக் காத்திருந்தவர் ஒருவர் பஸ்ஸை விட்டுவிட்டு வந்து, லேசாத் தளத்தினா சரியாப் போவும் என்றார். அத்தனை பேரிடமும் இரும்பு திரும்பும் என்று விளக்கம் சொன்னவர் யார் தெரியுமா? ராஜசேகர் அண்ணாச்சி. ஏதோ இரும்பையே அவர்தான் கண்டுபிடித்ததுபோல.

சாயங்காலம் தங்கை சங்கிலியைக் கழற்றினாள். குண்டு ஆடியது. பின்னால் போனது. கூட்டல் குறியின் நடுவில் வந்து நின்றது. குறுக்கு நாடா இரண்டு பக்கமும் ஒரே அளவு காட்டியது. நான் நோட்டில் எழுதவில்லை, அவளிடம் நீட்டினேன். சிவப்பு, நீலம் எதையும் பார்க்காமல் பென்சிலால் எழுதினாள்.

சக்கரம் மாட்டி, எஞ்சின் ஏறி, ஒரு மாதம் கழித்து காரை வெளியே எடுத்த அன்று கடைசிச் சோதனை. வாசலில் ஒரு குடம் தண்ணீரை ஊற்றி, அதில் காரை ஏற்றிக் காய்ந்த சிமெண்டுத் தளத்தில் நேராக ஓட்டச் சொன்னாள். ஜிஜோ ஓட்டினார். தளத்தில் பக்கத்துக்கு ஒரு ஈரத்தடம்தான். பின் சக்கரம் முன் சக்கரத்தின் மேலேயே போயிருந்தது. ஜிஜோ இறங்கி அந்தத் தடம் காயும்வரை அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

கூடியிருந்தவர்கள் அண்ணாச்சியின் முகத்தைப் பார்த்தார்கள். அவர் ஆறடி பின்னால் போனார். தலையைச் சாய்த்தார். இடது கண்ணை மூடினார்.

"வண்டி சுத்தம் தாயி. ஒன் வாசல் தளந்தான் ஒரு நூல் எறக்கம்."

என் தங்கை என்பதற்காகச் சொல்லவில்லை. வேறு யாராவது என்றால் கோபப்பட்டிருப்பார்கள். அவள் சிரித்துவிட்டாள். நானா? அவர் தவறு என்று நிரூபிக்க நானும் போய் அவர் பக்கத்தில் நின்று பார்த்தேன். எந்தக் கண்ணால் பார்த்தேன் என்பது இங்கே அவசியமில்லை.

இவர்களை வீட்டுப் பக்கம் விடாதீர்கள் என்று முடிக்கத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். இப்போது அதில் சிக்கல் இருக்கிறது. ஆகவே உங்களுக்கு ஒன்று மட்டும். உங்கள் எதிர்ச்சுவரில் காலண்டர் ஒன்று தொங்கும். அது நேராகத்தான் தொங்குகிறது. அதை மாட்டியவர்கள் ஏதோ காரணத்தோடுதான் மாட்டியிருப்பார்கள், சாப்பிடும்போது உங்களிடம் சொல்லியும் இருப்பார்கள். ஆணியில் கை வைக்கப் போகாதீர்கள். உட்காருங்கள்.

முதலில், மூடிய அந்தக் கண்ணைத் திறங்கள்.