ஜன்னலுக்கு ஒரு முக்காடு

"இந்த வீட்டுக்கு மானம், மரியாதைன்னு ஒண்ணு வேணும்" என்று ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அப்பா அறிவித்தார். சாய்வு நாற்காலியில் சாய்ந்தபடியேதான் அறிவித்தார். எழுந்து நின்று சொல்ல வேண்டிய விஷயம்தான். ஆனால் எழுந்தால் மடியில் இருந்த பிஸ்கட் தூள் கீழே கொட்டிவிடும்.

அப்பா வீட்டிலிருந்தே வேலை செய்கிறவர். மிக்ஸி, ஃபேன், குடை என்று எது விற்பனைக்கு வந்தாலும் உள்ளே மடித்து வைத்திருப்பார்களே, "உபயோகிக்கும் முறை" என்று ஒரு தாள், அதில் பிழை திருத்துவது அவர் தொழில். ஒரு நாளைக்கு நாற்பது தாள் படிப்பார். நாற்பதில் எதுவும் அவருக்கு நினைவிருக்காது. புள்ளியும் கமாவும் மட்டும் நினைவிருக்கும்.

அம்மா பல் டாக்டரிடம் உதவியாளர். தன் வாயைத் திறக்காமல் ஊரார் வாயைத் திறக்க வைப்பது அவள் தொழில்.

போன மாதம் அப்பாவின் ரத்தத்தைச் சோதித்த டாக்டர், "சர்க்கரை எல்லைக் கோட்டில் நிக்குது சார். ஒரு கால் அந்தப் பக்கம் வைச்சா மாத்திரைதான்" என்றார். தினமும் அரை மணி நேரம் உடற்பயிற்சி. க்ரீம் பிஸ்கட் கூடாது. மூன்று மாதம் கழித்து மறுபடியும் சோதனை. அப்பா தலையாட்டினார். அம்மா தலையாட்டவில்லை, தேதியைக் குறித்துக்கொண்டாள்.

"நாலரையிலிருந்து அஞ்சு வரைக்கும் பயிற்சி. நாற்காலியில உட்கார்ந்திருந்தீங்கன்னு கேள்விப்பட்டேன், நாற்காலி என் தம்பி வீட்டுக்குப் போயிடும்."

மாமாவுக்கு அந்த நாற்காலி மேல் ரொம்ப நாளாகக் கண். வரும்போதெல்லாம் கைப்பிடியை ஆட்டிப் பார்த்து, "மச்சான், கைப்பிடி இன்னும் ஆடாமத்தானே இருக்கு?" என்று விசாரிப்பார். அப்பாவின் உடம்பை அவர் அப்படி விசாரித்ததே இல்லை.

அம்மா வீடு திரும்ப ஐந்தேகால் ஆகும். அதுவரை யார் பார்க்கப்போகிறார்கள்? அப்பா அப்படித்தான் நினைத்தார். எதிர்வீட்டு அக்காவை மறந்துவிட்டார். அந்த அக்கா தையல்காரர். அவர் மெஷின் அவர் வீட்டு ஜன்னலோரம் இருக்கிறது. நடுவில் ஒரு சிமெண்டு முற்றம், பன்னிரண்டே அடி. அவர் வேவு பார்க்கிறார் என்று சொல்லவே முடியாது. ஊசியில் நூல் கோக்க நிமிர்ந்தால் எதிரே அப்பா. அவ்வளவுதான்.

தினமும் ஐந்து மணிக்கு அம்மாவுக்குப் போன் போகும். "தங்கச்சி, நான் ஒண்ணும் சொல்லலை. ஒரு சட்டைக்குக் கை வைக்க ஆரம்பிச்சேன். அண்ணன் கை பிஸ்கட் டப்பாவுக்குப் போச்சு. நான் ரெண்டு கையும் வைச்சு முடிச்சுட்டேன். அண்ணன் கை இன்னும் போயிட்டு வந்துக்கிட்டே இருக்கு."

அதனால்தான் அப்பாவுக்கு திடீரென்று மானம், மரியாதை எல்லாம்.

"ஜன்னலுக்கு ஸ்டிக்கர் ஒட்டப்போறேன்" என்றார். "அந்த ஃபிலிம் இருக்கே, வெளியேயிருந்து பார்த்தா உள்ளே தெரியாது. பொம்பளைப் பிள்ளை வளர்ற வீடு."

பொம்பளைப் பிள்ளை நான்தான். எனக்குப் பதினைந்து வயது. அதுவரை நான் வளர்வதை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

அம்மா மறுக்கவில்லை. அதுவே சந்தேகத்துக்குரிய விஷயம். "தாராளமா ஒட்டுங்க. ஒட்டினப்புறம் எதிர்வீட்டு அக்கா உங்களைப் பத்தி ஒரு குறை சொல்லலைன்னா நாற்காலி இங்கேயே இருக்கட்டும்."

"சத்தியமா?"

"சத்தியமா."

அப்பா அன்று ஒரு பிஸ்கட் அதிகமாகச் சாப்பிட்டார்.

சனிக்கிழமை மூன்று பேரும் கடைக்குப் போனோம். கடைக்காரர் ஒவ்வொரு சுருளாக உருட்டி விட்டார். பூப்போட்டது, கோடு போட்டது, பால் ஊற்றியது போல வெள்ளையாக ஒன்று.

"இந்த வெள்ளையே போதும்" என்றார் அப்பா.

"அதுதான் சரி" என்றாள் அம்மா. "அந்தக் கண்ணாடி மாதிரி பளபளன்னு இருக்கே, அது மட்டும் வேண்டவே வேண்டாம்."

அப்பா வெள்ளையைக் கீழே வைத்தார். "ஏன், அதுக்கென்ன?"

"வெளியே இருக்கிறவங்களுக்கு முகம் பார்க்கிற கண்ணாடியாத் தெரியும். உள்ளே இருக்கிறவங்களுக்கு வெளியே நல்லாத் தெரியும். நீங்க சினிமா பார்க்கிற மாதிரி தெருவைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருப்பீங்க. வேண்டாங்க."

"அப்படியா? ஏங்க, இதுல எத்தனை அடி இருக்கு?"

கடைக்காரர் ஒரு தாளை நீட்டினார். "சார், ஒட்டறதுக்கு முன்னாடி இதைப் படிச்சுருங்க. முக்கியமா மூணாவது வரி. எந்தப் பக்கம் வெளிச்சம் அதிகமோ, அந்தப் பக்கம்தான் இது கண்ணாடி. பகல்ல வெளியே வெளிச்சம். சாயங்காலம் நீங்க உள்ளே லைட்டைப் போட்டா..."

"கொடுங்க, கொடுங்க. எனக்குத் தொழிலே இதுதான்."

வீட்டுக்கு வரும் வழியிலேயே மூன்றாவது வரியைப் படித்து, கடைசியில் விட்டுப்போன முற்றுப்புள்ளியை வைத்தார். மூன்றாவது வரியில் என்னப்பா இருந்தது என்று கேட்டேன்.

"ஒரு முற்றுப்புள்ளி குறைஞ்சுது" என்றார்.

அம்மா அந்தத் தாளை வாங்கி ஒருமுறை படித்தாள். மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஒட்டினோம். முதலில் கண்ணாடியைக் கழுவ வேண்டும். இரண்டு வருடமாக அம்மா கழுவச் சொன்ன ஜன்னல். சோப்புத் தண்ணீர் ஊற்றித் தேய்த்தார். பழைய பெயிண்டுத் துளிகளைப் பிளேடால் சுரண்டினார். ஸ்டூலில் ஏறினார், இறங்கினார், ஏறினார். அம்மா கதவோரம் நின்று உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். பாட்டு முணுமுணுக்கிறாள் என்று அப்பா நினைத்தார். அவள் ஸ்டூல் ஏறி இறங்குவதை எண்ணிக்கொண்டிருந்தாள். எழுபத்திரண்டு.

பிறகு பின்தாளை உரிக்க வேண்டும். அது உரியவில்லை. மூலையில் இந்தப் பக்கம் ஒரு டேப், அந்தப் பக்கம் ஒரு டேப் ஒட்டி இரண்டையும் இழுக்க வேண்டும் என்று தாளில் போட்டிருந்தது. அப்பா அந்த வரியில் ஓர் ஒற்றெழுத்தைச் சேர்த்திருந்தார், டேப்பைச் சேர்க்கவில்லை. நகத்தால் இருபது நிமிடம் போராடினார். உரிந்தபோது ஒரேயடியாக உரிந்து, ஜன்னலுக்குப் பதில் அவர் மார்பில் ஒட்டிக்கொண்டது. சிறிது நேரம் அப்பாவில் என் முகம் தெரிந்தது.

இரண்டாவது துண்டு ஒட்டியது. உள்ளே சிக்கிய நீர்க்குமிழிகளைத் தள்ள ஒரு தட்டையான அட்டை வேண்டும். தன் பழைய ஆபீஸ் அடையாள அட்டையை எடுத்தார். நடுவிலிருந்து ஓரத்துக்கு, நடுவிலிருந்து ஓரத்துக்கு என்று தள்ளித் தள்ளி, கடைசிக் குமிழி வெளியேறியபோது அட்டையிலிருந்த அவருடைய படமும் போயிருந்தது.

"போய் வெளியே நின்னு பாரு. நான் தெரியறேனான்னு சொல்லு" என்று என்னை அனுப்பினார்.

வெளியே போனேன். ஜன்னலில் நான்தான் தெரிந்தேன். அப்பா துளிகூட இல்லை. அருமையான வேலை. மனசாரப் பாராட்ட வேண்டும் என்றுதான் நினைத்தேன். ஆனால் வாயைத் திறந்தால், பள்ளிக்கூடத்தில் நான் செய்யும் மிமிக்ரி போல, அச்சு அசலாக எதிர்வீட்டு அக்காவின் குரல் வந்தது.

"என்ன அண்ணே, க்ரீம் பிஸ்கட்டா?"

உள்ளே டப்பா விழும் சத்தம். அது உருளும் சத்தம். பிறகு மிகவும் மரியாதையான ஒரு குரல்: "இல்லீங்க, சும்மா... டப்பாவைத் துடைச்சுக்கிட்டிருக்கேன்."

அதன் பிறகு இரண்டு நாள் அவர் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பேசினார். "இனிமே உன் குரல் வித்தைக்கு நான் ஏமாற மாட்டேன். ஒரு தடவைதான்."

அந்த வாரம் அப்பாவின் பொற்காலம். எதிர்வீட்டு அக்கா நூல் கோக்க நிமிர்வார். தன் வீட்டையே கண்ணாடியில் பார்ப்பார். குனிந்துகொள்வார். அப்பா அவருக்கு எதிரிலேயே உட்கார்ந்து பிஸ்கட்டைப் பிரித்து, க்ரீமை நக்கி, கையும் ஆட்டுவார். அம்மாவுக்குப் போன் வரவில்லை.

"அறை இருட்டாயிடுச்சு" என்றாள் அம்மா, ஒரு நாள். புது மேசை விளக்கு ஒன்று வாங்கி வந்து, நாற்காலிக்குப் பின்னால் வைத்தாள். நல்ல வெளிச்சம். "இருட்டுல எழுத்துப் பார்த்தா கண்ணு என்னத்துக்கு ஆகும்? நாலு மணிக்கே போட்டுக்குங்க."

அப்பா நெகிழ்ந்துபோனார். "பார்த்தியா? தோத்துட்டாலும் உங்க அம்மாவுக்கு மனசு நல்ல மனசு."

அடுத்த திங்கட்கிழமை நாலரைக்கு முற்றத்தில் செருப்புச் சத்தம் கேட்டது. பதினாறு பெண்கள். முன்னால் விசிலோடு டிரில் டீச்சர். ஓய்வு பெற்றவர், அவர் ஓய்ந்தாலும் விசில் ஓயவில்லை. இத்தனை நாள் மூன்றாவது வீட்டு மொட்டை மாடியில் வகுப்பு நடத்தியவர். முழுக் கூட்டமும் எங்கள் ஜன்னலைப் பார்த்து வரிசையாக நின்றது.

"பாருங்க, எவ்வளவு பெரிய கண்ணாடி!" என்றார் டீச்சர். "இனிமே அவங்கவங்க தப்பு அவங்கவங்களுக்கே தெரியும். அந்த வீட்டம்மாவுக்கு நன்றி சொல்லணும். கை மேலே!"

முப்பத்திரண்டு கண்கள் அப்பாவை நேருக்கு நேர் பார்த்தன. அப்பாவின் கை டப்பாவுக்குள் நின்றது.

"தெரியாது" என்றார் என்னிடம், உதடு அசையாமல். "நான் தெரியலைன்னு எனக்குத் தெரியும்."

"அப்ப சாப்பிடுங்கப்பா."

"தெரியற மாதிரி இருக்கே!"

முதல் நாள் பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டார். இரண்டாம் நாள் டப்பாவை மூடி வைத்தார். மூன்றாம் நாள் டீச்சர் "வயிறு உள்ளே!" என்று கத்தினார். அப்பாவின் வயிறு உள்ளே போனது. அதை நான் பார்த்தேன் என்பதை அவரும் பார்த்தார். ஐந்தாம் நாள் எழுந்து நின்றார். எதிரில் பதினாறு பேர் கையைத் தூக்கும்போது நாம் மட்டும் உட்கார்ந்திருப்பது மரியாதை இல்லையாம். மறு வாரம் முழு வகுப்பையும் செய்தார். எதிரில் நிற்பவர்களைப் பார்த்துச் செய்ததால் எல்லாமே இடம் வலம் மாறித்தான் இருந்தது. அவர்களுக்கு இடது என்றால் இவருக்கு வலது.

"அம்மாகிட்ட மூச்சு விடாதே" என்றார், மூச்சு வாங்கியபடி. "ரத்தச் சோதனையில நல்ல ரிசல்ட் வரும். அன்னைக்குச் சொல்லுவேன், நான் நாற்காலியை விட்டு அசையவே இல்லைன்னு. நாற்காலி மேல இருக்கிற பழி நீங்கணும்."

மூச்சு விடவில்லை. வாய்மூடிக் கட்டணமாகத் தினம் நான்கு பிஸ்கட். டப்பாவும் இப்போது சும்மாதானே இருந்தது.

வியாழக்கிழமை மேகம் கவிந்துவிட்டது. மழை இல்லை. ஆனால் நாலரைக்கே வெளியே சாம்பல் நிறம். அப்பா வழக்கம்போல் விளக்கைப் போட்டுக்கொண்டு ஆரம்பித்தார். கொஞ்சம் கொஞ்சமாக ஜன்னலில் அந்தப் பதினாறு பேரும் மங்கினார்கள். அப்பா தெளிவானார். கண்ணாடியில் முழு உருவமாகத் தெரிந்த தன்னைப் பார்த்து, பக்கவாட்டில் திரும்பி, வயிற்றைத் தடவிக்கொண்டார்.

"இளைச்சிருக்கேன் இல்லே? வெளியே யாரையும் காணோம். மழைக்குப் பயந்து போயிட்டாங்க போல. பரவாயில்லை. நான் யாரை நம்பியும் செய்யலை."

கால் வீச ஆரம்பித்தார். நாற்காலியில் கால் இடித்தது. உதறிக்கொண்டு மறுபடியும் வீசினார். அப்போது ஜன்னலுக்கு மேலே காற்றுக்காக விட்டிருக்கும் திறப்பு வழியாகக் குரல் வந்தது.

"உள்ளே இருக்கிற சார்! அது வலது கால். இடது கால் வீசுங்க!"

அப்பா சிரித்தார். "போடி கழுதை! ஒரு தடவைதான் ஏமாறுவேன்னு சொன்னேன்ல? போய்ச் சொல்லு உங்க டீச்சர்கிட்ட. அந்தம்மா கொக்கு மாதிரி ஒத்தைக் கால்ல நின்னா ஊரே நிக்கணுமா?"

பிறகுதான் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். அவர் முதுகுக்குப் பின்னாலேயே நின்றிருந்தேன். என் வாய் நிறைய அவருடைய பிஸ்கட்.

அப்பாவின் கால் அந்தரத்தில் நின்றது.

கதவோரம் செருப்பைக் கழற்றும் சத்தம். அம்மா. அன்று சீக்கிரமே வந்துவிட்டாள். நேராகப் போய் மேசை விளக்கை அணைத்தாள்.

ஜன்னலில் அப்பா மறைந்தார். அவர் இருந்த இடத்தில் பதினாறு முகங்கள் தெரிந்தன, நெற்றி கண்ணாடியில் ஒட்ட. நடுவில் டீச்சர்.

"கொக்குதான் சார் சொல்றேன்" என்றார் டீச்சர். "இடது கால்."

அப்பா இடது காலைத் தூக்கினார்.

"அக்கா," என்று அம்மா திறப்பைப் பார்த்துக் கேட்டாள், "இவரைப் பத்தி ஏதாவது குறை உண்டா?"

கழுத்தில் அளவு நாடாவோடு ஓரத்தில் நின்ற எதிர்வீட்டு அக்கா அவசரமாகத் தலையாட்டினார். "அண்ணன் மேல ஒரு குறையும் இல்லை தங்கச்சி. நல்லாத்தான் பண்றார். கால் வீசறப்ப அந்த நாற்காலிதான் பாவம், குறுக்கே நிக்குது."

"நானும் அதைத்தான் நினைச்சேன்" என்றாள் அம்மா.

வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது.

"மச்சான், கைப்பிடி இன்னும் ஆடாமத்தானே இருக்கு?"

அப்பா நம்பிக்கையோடு என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் வாயைத் திறந்து காட்டினேன். பிஸ்கட் இன்னும் அங்கேயே இருந்தது.