தற்காலிக முகம்

எங்கள் ஓய்வூதிய அலுவலகத்தின் வாசலில், முகத்தைப் பார்த்து வருகையைப் பதிவு செய்யும் கருவி ஒன்று நிறுவப்பட்டபோது, அதனுடன் ஒரு சுற்றறிக்கையும் வந்தது. 'கருவியால் அடையாளம் காணப்படாத ஊழியர், வராதவராகவே கருதப்படுவார்.' தெளிவான தமிழ். அதைத் தட்டச்சு செய்தவளே நான்தான்.

இரண்டாவது கீமோ முடிந்து நான் வேலைக்குத் திரும்பியபோது தலையில் ஒரு முடி இல்லை. புருவமும் விடைபெற்றிருந்தது. கருவி என்னைப் பார்த்துவிட்டு, "அறிமுகமற்ற நபர்" என்றது. பதினேழு வருஷமாக வந்துபோகிற அலுவலகம். காவலாளிதான் பரிதாபப்பட்டுக் கதவைத் திறந்துவிட்டார்.

அடுத்த வாரம் வியாழக்கிழமை எனக்கு மூன்றாவது கீமோ. விடுப்பு வாங்காமல் போனால் 'பணியைக் கைவிட்டவர்' பட்டியலில் ஏற்றிவிடுவார்கள். ஏற்றினால் மருத்துவக் காப்பீடு நிற்கும். அது நின்றால் மருந்தும் நிற்கும். விண்ணப்பத்தோடு கண்காணிப்பாளரிடம் போனேன்.

"வேலைக்கு வர்றவங்களுக்குத்தாம்மா லீவு. நீங்க வரலையே."

"உங்க எதிர்லதானே சார் நிக்கிறேன்?"

"நிக்கிறீங்க. இல்லைன்னு சொல்லலை. ஆனா வரலை."

கோபம் வந்தது. ஆனால் பெரிதாகக் கோபப்பட எனக்கு யோக்கியதை இல்லை. உயிரோடிருப்பதற்கான சான்றிதழ் இல்லாமல் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் வந்து நிற்கும் பெரியவர்களிடம், இத்தனை வருஷமாக நானும் இதையேதான் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

"புது முகத்தைப் பதிஞ்சுக்கலாமே சார்?"

"தாராளமா. இதுதான் உங்க நிரந்தர முகம்னு டாக்டர் எழுதிக் குடுக்கணும்."

டாக்டரம்மாவோ, சிகிச்சை முடிந்தால் மூன்று மாதத்தில் முடி வளர்ந்துவிடும் என்று சந்தோஷமாக எழுதிக் கொடுத்தார். கண்காணிப்பாளர் அதை இரண்டு முறை படித்து, 'தற்காலிக முகத்தை நிரந்தரப் பதிவேட்டில் ஏற்ற வழிவகை இல்லை' என்று சிவப்பு மையில் எழுதி நீட்டினார். விக் வைத்துக்கொள்ளட்டுமா என்றேன். ஆள்மாறாட்டம் என்றார்.

இதற்கிடையில் ஆளாளுக்கு வைத்தியம். தபால் பிரிவு அக்கா சர்க்கரையை அடியோடு நிறுத்தச் சொன்னார். ஊசியைப் பார்த்தாலே மயங்கி விழுகிற காசாளர், "மனசுல தைரியம் இருந்தா போதும், மருந்தே வேணாம்" என்றார். இன்னொருவர், "எங்க சித்தப்பாவுக்கும் இதேதான், என்னமா தாக்குப்பிடிச்சார் தெரியுமா!" என்று ஆரம்பித்தார். சித்தப்பாவின் கதை எங்கே முடிந்தது என்பது பாதியில் ஞாபகம் வந்து, "டீ சாப்பிடுறீங்களா?" என்று கேட்டார்.

அப்போதுதான் இயக்குநர் பயிற்சி முகாமிலிருந்து திரும்பினார். அங்கே 'பரிவே நிர்வாகம்' என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். இப்போது எல்லா அலுவலகங்களிலும் அதுதான் மோஸ்தர். என்னைக் கூப்பிட்டு, கேமராக்காரரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கண் கலங்கினார். படம் சரியாக விழாததால் மறுபடியும் கலங்கினார். என் மொட்டை முகத்தை உடனே பதிவு செய்ய உத்தரவிட்டார். அதோடு விட்டாரா? 'சக ஊழியருக்கு ஆதரவாக அனைவரும் தாமாக முன்வந்து, திங்கட்கிழமை மாலை ஐந்து மணிக்குள் மொட்டை அடித்துக்கொள்ள வேண்டும். தவறினால் விளக்கம் கோரப்படும்.'

முப்பத்தேழு பேரும் தாமாக முன்வந்தார்கள். "இருபது வருஷமா நான் ஆதரவு குடுத்துக்கிட்டுதானே இருக்கேன்" என்று வழுக்கைக் காசாளர் வாதாடிப் பார்த்தார், எடுபடவில்லை. காதோரம் மிச்சமிருந்ததும் போனது. தபால் பிரிவு அக்கா இடுப்புவரை தொங்கிய கூந்தலைக் கொடுத்துவிட்டு வந்து, "எல்லாம் உனக்காகத்தான்" என்றார். அவர் சொன்ன விதத்தில், சீக்கிரம் சாகக்கூட எனக்கு உரிமை இல்லை போலிருந்தது. இயக்குநர் மட்டும் மனதளவில் மொட்டை அடித்துக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை காலை எல்லோரும் கருவி முன் வரிசையில் நின்றார்கள். முடியில்லாத முகம் என்றால் நான் என்று அது கற்றுக்கொண்டிருந்தது. ஒவ்வொருவரிடமும் என் பெயரைச் சொல்லி வணக்கம் வைத்தது. அன்று நான் முப்பத்தெட்டு முறை அலுவலகம் வந்தேன். வேறு யாருமே வரவில்லை.

"ஒரே நாள்ல முப்பத்தெட்டு தடவை வந்திருக்கீங்க. உங்க உடம்புக்கு என்னம்மா குறை?" என்று கண்காணிப்பாளர், தன் மொட்டையைத் தடவியபடி, விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

நேராக இயக்குநர் அறைக்குள் போய்க் கத்தினேன். "சார், நாளன்னைக்கு மருந்து ஏறலைன்னா நான் செத்துடுவேன். அதுக்கப்புறமும் இந்த மெஷின் நான் டாண்ணு வந்துட்டேன்னுதான் சொல்லும்!"

இயக்குநர் பயந்துவிட்டார். நான் சாவதற்கு அல்ல, அது பத்திரிகையில் வருவதற்கு. அன்று மாலையே ஆணை பிறந்தது. 'அனைவருக்கும் முடி வளரும்வரை, மேற்படி ஊழியரின் வருகை அனைவரின் வருகையாகவும் கொள்ளப்படும். மேற்படி ஊழியரின் மருத்துவ விடுப்பு அங்கீகரிக்கப்படுகிறது.'

இரண்டு வாக்கியங்களையும் சேர்த்துப் படித்தது கருவி மட்டும்தான். வியாழக்கிழமை நான் கையில் ஊசியோடு படுத்திருந்த நேரத்தில், அது முப்பத்தேழு பேரிடமும், "தாங்கள் மருத்துவ விடுப்பில் இருக்கிறீர்கள். நன்கு ஓய்வெடுங்கள்" என்று சொல்லிக் கதவைப் பூட்டிக்கொண்டது. எல்லோரும் விதிப்படி வீட்டுக்குப் போய் ஓய்வெடுத்தார்கள். ஓய்வூதியம் வாங்க வந்த பெரியவர்கள் வெயிலில் நின்றார்கள். வாந்தியை மட்டும் நான் தனியாகவே எடுத்தேன்.

அதற்குப் பிறகு என்மீது பொங்கிய பாசத்தைச் சொல்லி மாளாது. நாட்காட்டியும் கையுமாக வந்து அடுத்த கீமோ என்றைக்கு என்று விசாரித்தார்கள். "வெள்ளிக்கிழமையா வெச்சுக்கக் கூடாதா? சனி, ஞாயிறும் சேர்ந்து வரும். உனக்கும் நல்ல ரெஸ்ட்" என்றார் அக்கா. யாரும் உத்தரவு போடாமலே, வாரம் ஒருமுறை முடிதிருத்துபவரை அலுவலகத்துக்கே வரவழைத்து ஆதரவைப் புதுப்பித்துக்கொண்டார்கள்.

நான்காவது கீமோவுக்குப் பிறகு ஸ்கேன் எடுத்தார்கள். கட்டி கரைந்துவிட்டது, இதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றார் டாக்டரம்மா. அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன். அவ்வளவு சந்தோஷமாக நான் அழுததே இல்லை. மறுநாள் காலை இனிப்பு டப்பாவோடு அலுவலகத்துக்கு ஓடினேன்.

விஷயத்தைச் சொன்னேன். முப்பத்தேழு மொட்டைகளும் என்னையே பார்த்தன. யாரும் டப்பாவைத் தொடவில்லை. அக்கா கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கண்காணிப்பாளர்தான் முதலில் சமாளித்துக்கொண்டு, நாற்காலியை இழுத்துப்போட்டு என்னை உட்காரவைத்தார்.

"ஒரு டாக்டர் சொன்னா ஆச்சாம்மா?" என்றார், கூடப்பிறந்தவர் மாதிரியான குரலில். "வேற நல்ல டாக்டரா பார்ப்போம். அவசரப்பட்டு குணமாயிடாதீங்க."