நாளுக்கொரு கேள்வி

நாட்குறிப்பு எழுதுவதென்று நான் தீர்மானித்தது சித்திரை மாதத்தில். மலாயாவில் கிராணி வேலை பார்த்துப் பென்சனோடு அச்சுவேலிக்குத் திரும்பிய மனிதனின் வாழ்க்கை காற்றோடு போய்விடக்கூடாது. கொப்பி வாங்கினேன். பேனைக்கு மை நிரப்பினேன். கீரிமலைத் தீர்த்தத்தில் முழுகி, இந்தக் கொப்பியில் பொய் எழுதமாட்டேன் என்று சத்தியமும் பண்ணினேன்.

முதல் நாள், 'எழுந்தேன், சாப்பிட்டேன், படுத்தேன்' என்று எழுதினேன். அடுத்த நாளும் அதையே எழுத வேண்டியிருந்தது. பென்சன்காரன் உண்மையை மட்டும் எழுதுவதில் உள்ள சங்கடம் அது.

அதற்கடுத்த நாள் என் சாய்மனைக் கதிரையில் ஒரு பழைய பத்திரிகை கிடந்தது. நாங்கள் பத்திரிகை வாங்குவதில்லை. இது எப்படி வந்தது என்று நான் யோசிக்கவில்லை. யோசிக்கிறவனாக இருந்தால் நாட்குறிப்புக்கு விஷயம் கிடைத்திருக்குமே. 'நாளுக்கொரு கேள்வியை எடுத்து, மனச்சாட்சிப்படி பதில் எழுதுக' என்று அதில் போட்டிருந்தது.

"கேள்விக்கு எங்கை போறது?" என்று மனைவி இரத்தினம்மாவிடம் கேட்டேன்.

"அதுக்கென்ன, நான் கேக்கிறன். கலியாணம் கட்டின நாள் துவக்கம் அதைத்தானே செய்யிறன்."

"அரிசி, உப்பு எண்டு கேக்கக்கூடாது. ஆழமாய் இருக்கவேணும்."

"ஓம். எங்கடை கிணறு மாதிரி ஆழமாய்க் கேக்கிறன்."

இங்கே ஒன்று சொல்லவேண்டும். இரத்தினம்மாவின் தமையன் பரமலிங்கம் பக்கத்து வளவுக்காரர். போன வருஷம் வேலி அடைத்தபோது கதியால்களை என் பக்கம் ஒரு சாண் தள்ளி நட்டுவிட்டார் என்பது என் கட்சி. தள்ளி நட்டது நான் என்பது அவர் கட்சி. 'பரமலிங்கத்தின்ரை வாசல் படலையை இனி மிதிக்கமாட்டன்' என்று சந்தை கூடியிருந்த நேரம் பார்த்துச் சொல்லிவிட்டேன். ஆவணியில் மகள் குணலட்சுமிக்குக் கலியாணம். தாய்மாமன் இல்லாமல் எப்படி என்று இரத்தினம்மா அழுது பார்த்தாள், பட்டினி கிடந்து பார்த்தாள். நான் அசையவில்லை. சித்திரையோடு அவளும் அந்தப் பேச்சை விட்டுவிட்டாள். வென்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

முதல் கேள்வி வந்தது. "சீவியத்திலை நீங்கள் குடிச்ச திறமான கூழ் ஆர் காய்ச்சினது?"

வெகு நேரம் யோசித்தேன். பரமலிங்கத்தின் மனைவி கமலாவதி காய்ச்சியது. சத்தியம் பண்ணியிருக்கிறேனே, எழுதினேன்.

மறுநாள்: "நெருப்புக் காய்ச்சலிலை கிடந்த உங்களை வண்டிலிலை ஏத்தி ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனது ஆர்?"

"வேறை கேள்வி இல்லையோ?"

"இருக்கு. நாளைக்கு."

எழுதினேன். எழுதும்போது கண் கொஞ்சம் கலங்கியது. மை சரியில்லை.

மூன்றாவது கேள்வியை இரத்தினம்மா மிளகாய் காயப்போட்டபடியே கேட்டாள். "வேலியிலை ஆடு பூருற பொட்டு ஒண்டு இருக்கெல்லே. அதுக்கு அங்காலை நிண்டு பாத்தால், வேலி எந்தப் பக்கம் தள்ளியிருக்கு?"

"அங்காலை போகேலாது. சொன்ன சொல் இருக்கு."

"படலையை மிதிக்கமாட்டன் எண்டுதானே சொன்னீங்கள். பொட்டைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லையே."

சட்டப்படி அவள் சொன்னது சரி. தவிரவும், பாராமல் எழுதினால் அது பொய். கொப்பியை வாயில் கவ்விக்கொண்டு, ஆடு போகிற வழியால் தவழ்ந்து போனேன்.

அங்காலே தலையை நிமிர்த்தினால், முன்னால் வாங்குப் பலகையில் பரமலிங்கம். மடியில் ஒரு கொப்பி. என்னுடையதைப் போலவே நீல மட்டை.

கொப்பியை வாயிலிருந்து எடுத்தேன். "என்ன மச்சான், நீங்களும் எழுதிறியளோ?"

"ஓம். கமலாவதி நாளுக்கொரு கேள்வி தாறாள்."

"இண்டைக்கு என்ன கேள்வி?"

அவர் குனிந்து வாசித்தார். "'பொட்டுக்குள்ளாலை ஒரு ஆள் வந்தால் முதல் என்ன சொல்லுவீங்கள்?'"

"என்ன எழுதியிருக்கிறியள்?"

"'இருங்கோ' எண்டு." வாங்கில் தள்ளியிருந்து இடம் விட்டார்.

இருந்தேன். வேலியை இருவரும் பார்க்கவில்லை. கலியாணத்துக்கு வரவேண்டும் என்றேன். "அதுக்குச் சொல்லவேணுமோ?" என்றார். நெஞ்சு லேசாகிவிட்டது என்பதை நான் மறைக்கமாட்டேன்.

"மச்சாள், அவருக்குக் கோப்பி ஊத்தட்டோ?" என்று குசினிக்குள் கமலாவதி கேட்பது காதில் விழுந்தது.

"பொறுங்கோ," என்றது எனக்கு முன்னமே படலையால் நடந்து வந்துவிட்ட என் மனைவியின் குரல். "முதல் முழங்காலைக் கழுவட்டும். தண்ணி அள்ளி வைச்சிட்டன்."