சுற்றி வந்து பாருங்க, சார்

குப்பையைக் கண்டால் கூட்டித் தள்ளுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கண்டும் காணாமல் தாண்டிப் போகிறவர்களை அதைவிட அதிகமாகப் பார்த்திருக்கிறேன். நானும் அதில் சேர்த்தி. ஆனால் கூட்டிய குப்பையை ஆஸ்பத்திரி வார்டின் நட்டநடுவில் குவித்து, தட்டிச் சீராக்கி, பொதுமக்கள் பார்வைக்கு வைத்த ஒரே மனிதர் இந்தப் பூமியில் அம்பாரம்தான்.

அம்பாரம் என்பது அவர் பெயரல்ல. உப்பளத்தில் வாரிய உப்பை வரப்பு மேல் மலை மாதிரிக் குவிப்பார்களே, அதற்குத்தான் அம்பாரம் என்று பெயர். எங்கள் மரக்காணம் உப்பளத்தில் அவர் மேஸ்திரி. நேரில் மேஸ்திரி என்போம். தலை மறைந்ததும் அம்பாரம்.

எங்கள் சர்ச் பங்கிலிருந்து ஒரு குழு, ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் ஆண்கள் வார்டைக் கூட்டித் துடைக்கும். அதற்கு நான் தலைவர். ஆசைப்பட்டு ஆகவில்லை. "ஃபாதர், இவரு ரிட்டையர் ஆகி சும்மாதான் இருக்காரு" என்று என் மனைவி போட்டுக்கொடுத்துவிட்டாள். போன ஐப்பசி மழையில் உப்பளம் முழுக்கத் தண்ணீர் நின்றபோது, துடைப்பமும் கையுமாக ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றார் மேஸ்திரி.

"நீங்க நம்ம கோயில் இல்லியே?" என்றேன்.

"கோயிலுக்கு யாரு சார் வந்தது? வேலைக்கு வந்தேன். மழைக்காலத்துல வூட்ல குந்தினு இருந்தா என் பொண்டாட்டி என்னையும் சேத்துக் கூட்டிடுவா."

நல்ல மனிதர்தான் என்று நினைத்தேன். அரை மணி நேரம் நினைத்தேன்.

கூட்டி முடித்தார். வார்டின் நடுவில் கூம்பாகக் குப்பை. வாளியோடு துடைக்க வந்தவர்கள் அப்படியே நிற்கிறார்கள்.

"எடுத்துக் கொட்டுங்க மேஸ்திரி."

"நீங்க இன்னும் பாக்கலியே சார்?"

"பாத்துட்டேன்."

"அங்கேர்ந்து பாத்தா எப்படி? சுத்தி வந்து பாருங்க."

உப்பளத்தில் அதுதான் முறையாம். முதலாளி வந்து சுற்றிப் பார்க்காமல் அம்பாரத்தில் யாரும் கை வைக்கக் கூடாது. நான் முதலாளியாம். நோயாளிகள் அத்தனை பேரும் பார்க்க, வாழைப்பழத் தோலையும் இட்லிப் பொட்டலத்தையும் ஒரு சுற்று சுற்றி வந்தேன். அடுத்த ஞாயிறு எனக்கு முட்டி வலி, போகத் தாமதமாகிவிட்டது. போய்ப் பார்த்தால் குப்பையின் மேல் தென்னங்கீற்று மூடியிருக்கிறது. "ஜன்னல் வழியா சாரல் அடிச்சுது சார், அதான்" என்றார். மழைக்கு அம்பாரத்தை மூடி வைப்பது போல, கான்கிரீட் கூரைக்குக் கீழே குப்பையை மூடி வைத்திருந்தார்! எனக்கு வந்த கோபத்தில் முட்டி வலி மறந்துபோனது.

இதோடு விட்டாரா? குவியலுக்குப் பக்கத்தில் குந்தி விசாரணை ஆரம்பித்தார்.

"இந்தப் பழத்தோலு யாருது?"

மூன்றாம் கட்டிலில் சுகருக்காகச் சேர்ந்திருந்த மீன்காரர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். அவர் மனைவிக்குப் புரிந்துவிட்டது.

"யோவ்! நான் ரெண்டு இட்லிக்கு மேல குடுக்கக் கூடாதுன்னு வயித்த வாயக் கட்ட வெக்கிறேன், நீ திருட்டுத்தனமா பழம் துன்றியா?"

பத்து நிமிஷம் அந்தம்மா வார்டையே கிழித்தார். மறுவாரம் பீடித் துண்டு கிடைத்தது. வீசிங் என்று படுத்திருந்தவரின் மகன், "என்னுது இல்லப்பா, அப்ப யாருது?" என்று அப்பாவையே முறைத்தான். வைத்தியத்துக்கு வந்தோமா, போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தோமா என்று நோயாளிகள் டூட்டி டாக்டரம்மாவிடம் புலம்பினார்கள்.

டாக்டரம்மா என்னைத்தான் பிடித்தார். "கூட்டறது சந்தோஷம் சார். ஆனா குப்பைய நடு வார்டுல வெக்கக் கூடாது, இன்ஃபெக்‌ஷன் ஆகும். அடுத்த வாரமும் குவியலப் பாத்தேன்னா உங்க குரூப்பே வர வேணாம்."

ஒருத்தருக்காக எல்லோரையும் நிறுத்துவதா என்று ஃபாதரிடம் போனேன். "நீங்களே பக்குவமா சொல்லிடுங்க" என்றார். எல்லாவற்றுக்கும் நான்தான் கிடைத்தேன். மேஸ்திரி, நாளையிலிருந்து வராதீர்கள் என்பதை எத்தனை விதமாகச் சொல்லலாமோ அத்தனை விதமாகவும் சனிக்கிழமை முழுக்க வீட்டில் சொல்லிப் பார்த்தேன்.

ஞாயிறு காலை மழை ஊற்றியது. மேஸ்திரி எனக்கு முன்பே வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். துடைப்பம் மடியில் கிடந்தது. முகம் தொங்கிப்போயிருந்தது.

"என்னாச்சு?"

"உள்ள போய்ப் பாருங்க சார்."

உள்ளே போனேன். தரையில் ஒரு துணுக்கு இல்லை. விசாரணைக்குப் பயந்து ஒவ்வொரு கட்டிலிலும் ஒரு பை கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். மீன்காரரின் மனைவி எல்லாப் பையையும் தானே வாங்கி வெளித் தொட்டியில் கொட்டிக்கொண்டிருந்தார். "இப்படியே இருந்தா தாராளமா வாங்க சார்" என்று டாக்டரம்மா சிரித்தார். குழு பிழைத்தது.

வெளியே வந்து டாக்டரம்மா சொன்னதைச் சொன்னேன். மேஸ்திரி எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார்.

"அப்ப நான் கெளம்புறேன் சார். உப்பளத்துல தண்ணி நிக்குது, இங்க தரை சுத்தமா இருக்குது. வேல இல்லாத ஆளு ஒங்களுக்கு எதுக்கு?"

வாரக்கணக்கில் காதில் விழாதா என்று நான் ஏங்கிய வார்த்தை. சரி என்று ஒரு தலையாட்டல் போதும். தலை ஆட மறுத்தது. குனிந்த தலையோடு அந்த மனிதர் மழைக்குள் இறங்குவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

"மழை விடட்டும், உக்காருங்க" என்று சொல்லிவிட்டு கேட்டுக்குப் போய் வறுத்த வேர்க்கடலை ஒரு பொட்டலம் வாங்கி வந்தேன். வராந்தாவின் அந்தக் கோடியில், வார்டுக்கு நன்றாக வெளியே நின்று, உரித்து உரித்துத் தோலைக் கீழே போட்டேன்.

சத்தம் கேட்டுத் திரும்பினார். வேகமாக வந்து குந்தினார். ஒரு தோலை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார்.

"யாருது சார் இது?"

"என்னுதுதாங்க."

"படிச்ச மனுசன் பண்ற வேலையா இது?" என்றார். முகம் திரும்ப மலர்ந்திருந்தது. கூட்டினார், கை அகலத்துக்கு ஒரு அம்பாரம் கட்டினார், தட்டிச் சீராக்கினார், நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நானே சுற்றி வந்து பார்த்தேன்.

தை பிறந்து அவர் உப்பளத்துக்குத் திரும்பும் வரை ஒவ்வொரு ஞாயிறும் வேர்க்கடலை வாங்கினேன். எனக்குக் கடலை ஒத்துக்கொள்ளாது.